மொத்தம் ஏன் 30 வரவில்லை? – என் பிஎல்-300 அனுபவம்

டேட்டாவை ரிப்போர்ட்டாக மாற்றிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் பவர் பிஐ. போன வாரம் அதற்கான சான்றிதழ் தேர்வான பிஎல்-300ல் தேறிவிட்டேன். 1000க்கு 776. தேற 700 வேண்டும். முதல் தடவை எழுதியபோது 648தான் வந்தது. இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்று எழுதினால், இப்போது தயாராகிக் கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம். பதினொரு வருடமாக எக்செல்தான் கையில் இருக்கிறது, கோடிங் பக்கம் போனதில்லை. அதனால் முதல் தடவை குறுக்கு வழியில் இறங்கினேன். யாரோ அனுப்பிய டம்ப்ஸ் பிடிஎஃபை, அதாவது தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லிச் சுற்றும் தொகுப்பை வாங்கி, இருநூறு கேள்விக்கும் விடையை மனப்பாடம் செய்தேன். அதில் பல விடைகள் தப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. தேர்வில் கேள்வியை நாலு வரி மாற்றிக் கேட்டதுமே கை நின்றுவிட்டது. மதிப்பெண் தாளில் பகுதி வாரியாகக் கோடு போட்டுக் காட்டுவார்கள். அட்டவணைகளை இணைத்துக் கணக்குகளை அமைக்கும் டேட்டா மாடலிங் கோடுதான் எனக்கு ஆகக் குட்டை.

24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம் என்பது விதி. அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை டம்ப்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு எங்கள் பில் விவரங்களையே எடுத்தேன். பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்களின் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸ் கணினி இருந்தால் போதும். மாதா மாதம் எத்தனை பையருக்குச் சரக்கு போனது என்று பார்க்க ஒரு டிஸ்டிங்க்ட் கவுண்ட் மெஷர் எழுதினேன். மெஷர் என்றால் ரிப்போர்ட்டுக்காக நாம் எழுதும் கணக்குச் சூத்திரம்; டிஸ்டிங்க்ட் கவுண்ட் ஒரே பெயர் எத்தனை தடவை வந்தாலும் ஒன்றாகவே எண்ணும். ஏப்ரல் 9, மே 11, ஜூன் 10. கீழே மொத்தம் 14!

கணக்குப் பிள்ளைக்கு இது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். 30 அல்லவா வர வேண்டும்? மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து, அன்று ராத்திரி பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து பையர்களை எண்ணினேன். 14 சரிதான். ஒரே பையருக்கு மூன்று மாதமும் சரக்கு போயிருந்தால், மாதத்துக்கு ஒரு தடவை எண்ணப்படுவார், மொத்தத்தில் ஒரே தடவைதான். மொத்த வரிசை மேலே இருப்பதைக் கூட்டுவதே இல்லை. மாதம் என்ற வடிகட்டியை எடுத்துவிட்டு, அதே மெஷரை முதலிலிருந்து புதிதாகப் போடுகிறது. ஃபில்டர் கான்டெக்ஸ்ட், ஃபில்டர் கான்டெக்ஸ்ட் என்று எல்லா வீடியோவிலும் சொல்வது இதைத்தான்.

அது பிடிபட்டதும், மெஷர் எழுதப் பயன்படும் கால்குலேட் என்ற ஃபங்ஷன் தானாக வந்துவிட்டது. அது செய்வது ஒரே வேலை: வடிகட்டியை மாற்று, அப்புறம் கணக்குப் போடு. ஒரு பையருக்குப் போன சரக்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டால், கால்குலேட்டுக்குள் ஆல் என்ற இன்னொரு ஃபங்ஷனைப் போட்டு பையர் வடிகட்டியை நீக்கிவிட்டு மொத்தத்தை எடுத்து வகுத்தால் முடிந்தது. அதற்கு முன் மூன்று வாரம் இதைப் பார்த்தாலே பயம்.

டேட்டாவை உள்ளே ஏற்றும் முன் சுத்தம் செய்யும் இடமான பவர் குவெரியிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை சதவீதம் பிழை என்று காட்டும் ‘காலம் குவாலிட்டி’ (Column quality), தேதி நெடுவரிசைக்குப் பிழை 0% என்று காட்டியது, டேட்டாவை லோட் செய்தால் பிழை வந்தது. முதல் 1000 வரிசையை மட்டும் பார்த்துத்தான் அது சொல்கிறது. திரையின் அடியில் அப்படி எழுதியிருக்கும் வரியைச் சொடுக்கி, முழு டேட்டாவுக்கும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஃபைலில் 1,400வது வரிசைக்கு அப்புறம் யாரோ தேதிக்குப் பதில் ‘நாளை’ என்று அடித்திருந்தார்கள்.

வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் மேசையைக் காலி செய்து, அறையை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பி, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அது நடக்காது. கோவையில் ஒரு மையத்துக்குப் போய் எழுதினேன். 100 நிமிடம். மைக்ரோசாஃப்டின் பாடத் தளமான மைக்ரோசாஃப்ட் லேர்னை இடையில் திறந்து பார்க்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நான் இரண்டே தடவை திறந்தேன். ஒரு நிறுவனத்தின் நிலைமையைக் கொடுத்து அதை வைத்துக் கேள்வி கேட்கும் கேஸ் ஸ்டடி பகுதியை முடித்து வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது, அங்கே மட்டும் எல்லா விடையையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு நகருங்கள். என்ன கேள்வி வந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம்.

சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான். முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

நேற்று பக்கத்து சீட் அக்கா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இந்த மொத்தம் தப்பா இருக்குதே” என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். ஏப்ரல் பில்லிலிருந்து ஆரம்பித்தோம்.