டர்பன்–நியூகாசில்: பிளாட்பெட் வண்டி ஒரே நாளில் போய்த் திரும்புமா?

(தென்னாப்பிரிக்க லாரிக்காரங்க பேச்சு இது. பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்ப் பேர் இருக்கு.)

வெருலம்

அண்ணன்மார், அக்காமார், ஓட்டினவங்க கொஞ்சம் சொல்லுங்க. லோடு ஏஜென்ட் ஒருத்தர் பேசியிருக்கார். டர்பன்ல இருந்து காலியா நியூகாசில் போய், ஆலையில கம்பி ஏத்தி, அன்னிக்கே டர்பன்ல இறக்கணுமாம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். வண்டி என்னுது, டிரை-ஆக்சில் பிளாட்பெட், அதாவது மூணு அச்சு உள்ள, பக்கச்சுவரும் கூரையும் இல்லாத டிரெய்லர். டிரைவர் என் மச்சான் ஒருத்தன்தான். ஒரு வழி ஏறக்குறைய 335 கிலோமீட்டர். காகிதத்துல லாபம் நல்லாவே தெரியுது. ரோட்டுல நடக்குமா?

சாட்ஸ்வொர்த்

தம்பி, அந்த ஏஜென்ட் எந்த வண்டியில போய்ப் பார்த்தாராம்? கார்ல போனா நாலு மணி நேரம். 9 டன்னுக்கு மேல எடை உள்ள சரக்கு வண்டிக்கு இந்த நாட்டில் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அந்த 80-ஐயும் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3 ரோட்டுல முழுசாப் பிடிக்க முடியாது. டர்பன் தாண்டினதும் கீ ரிட்ஜ் ஏற்றம், அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல டவுன் ஹில். ஹில்டன் பக்கம் மூடுபனி இறங்கினா முன்னால போற வண்டியோட பின்விளக்குதான் வழிகாட்டி. போதாக்குறைக்கு டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல ரோட்டை அகலப்படுத்துற வேலை வேற. லேடிஸ்மித் பக்கம் திரும்பி நியூகாசில் போற என்11 ரோட்டைப் பிடிச்சா வேகம் இன்னும் குறையும்.

நான் ஓட்டின காலத்துல சராசரி 60 வந்தாலே நல்ல நாள்னு சொல்லுவோம். அந்தக் கணக்குல போக அஞ்சரை மணி, வர அஞ்சரை மணி. ஸ்டியரிங் பிடிக்கிற நேரமே 11 மணி ஆச்சு. இன்னும் ஒரு கம்பிகூட ஏத்தலை!

திரும்புறப்ப டவுன் ஹில்லை லோடோட இறங்கணும், அதையும் யோசி. காலையில 3 மணிக்கு எழுந்தவன் சாயங்காலம் முப்பது டன் கம்பியை முதுகுல வச்சுக்கிட்டு அந்த இறக்கத்துல கியரைக் குறைக்க மறந்தான்னா, பிரேக் சூடேறி ஒண்ணும் பிடிக்காது. 2013 செப்டம்பர்ல பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் நடந்தது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். லாரி மோதி 24 பேர் போனாங்க. அந்த இறக்கத்தை நினைச்சாலே எனக்கு இன்னிக்கும் கை வேர்க்குது.

ஐசிபிங்கோ

நான் ஓட்டுறவ இல்லை. வண்டிகளை அனுப்புற மேசையில உட்காந்திருக்கேன், அதனால அடுத்த பாதியை நான் சொல்றேன்.

பெரியவர் ரோட்டு நேரத்தைச் சொல்லிட்டார். ஆலை வாசல் கேட்டுல காத்துக் கிடக்கிற நேரத்தை யாரும் ரேட் போடறப்ப எழுதறதில்லை. வண்டி 9 மணிக்கே வாசல்ல நிக்கும். டோக்கன், காலி எடை, பாதுகாப்புச் சோதனை, கிரேன் வரிசை. ஏத்தி முடிச்சதும் திரும்ப எடைமேடை. பின் அச்சுல எடை கூடிப்போச்சுன்னா கம்பிக் கட்டு ஒண்ணை இறக்கி முன்னால தள்ளி மறுபடி எடை. அப்புறம் சங்கிலி, பெல்ட், முனைக் காப்பு, மழை வந்தா தார்ப்பாய். பக்கத்துல திரை போட்ட கர்ட்டன் வண்டிக்காரன் திரையை இழுத்துட்டுப் போயிடுவான். பிளாட்பெட்டுக்காரன் சட்டை நனைஞ்சு நிப்பான். இதுக்கெல்லாம் 3 மணி நேரம் போட்டா அது தாராளம் இல்லை, நடப்பு.

டர்பன்ல இறக்குற இடம் எதுன்னு கேட்டீங்களா தம்பி? தனியார் கிடங்குன்னா சாயங்காலம் 4 மணிக்குப் பூட்டிடுவான். துறைமுகத்துல மேடன் வார்ஃப் பக்கம்னா பேஹெட் ரோடு நெரிசல் தனிக் கதை. எப்படிப் பார்த்தாலும் அன்னிக்கு இறக்க முடியாது. வண்டி லோடோட யார்டுல ராத்திரி கிடக்கும், மறுநாள் காலைலதான் இறங்கும். அப்ப “அதே நாள்” எங்க இருக்கு?

சட்டத்துல சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. உங்க மச்சான் அதை புதன்கிழமையே கிட்டத்தட்ட முடிச்சிடுவார். மிச்ச நாளுக்கு ஓவர்டைம் யார் தலையில?

டொங்காட்

எல்லாரும் முடியாதுன்னே சொல்றீங்க. நான் நியூகாசில் ஒரே நாள்ல போய் வந்திருக்கேன். ஆனா எப்படி? லோடு ஏத்தின டிரெய்லர் அங்கே தயாரா நின்னுச்சு. காலி டிரெய்லரைக் கழட்டி விட்டு, அதை மாட்டினேன். கட்டு ஒழுங்கா இருக்கான்னு சுத்திப் பார்த்துட்டு கிளம்பிட்டேன். வந்ததும் யார்டுல விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இறக்கினது வேற ஆள். அப்பவும் வீடு சேர்றப்ப பிள்ளைங்க தூங்கிப் போச்சு. ஒரே டிரெய்லர் வச்சிருக்கிறவனுக்கு இந்த வழி கிடையாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டொங்காட் அண்ணன் சொன்னதுதான் சங்கதி. ஜோகன்னஸ்பர்க் ஓட்டமும் அப்படித்தான். ஒரு வழியே சுமார் 570 கிலோமீட்டர் இருக்கே, எவன் ஒரே நாள்ல போய் வருவான்? எங்க கம்பெனியில ஹாரிஸ்மித்ல மாத்திக்கிறோம். டர்பன் ஆள் அங்கே வருவான், ஜோகன்னஸ்பர்க் ஆளும் வருவான், டிரெய்லரை மாத்திக்கிட்டு அவனவன் வீட்டுப் பக்கம் திரும்பிடுவான். கிட்டத்தட்ட பாதி வழி அது. ரெண்டு பேரும் ராத்திரி சொந்தக் கட்டில்ல படுக்கலாம்.

ஆனா அந்த வழியில இருக்கிற வான் ரீனென் மலைக் கணவாய் நம்ம கையில இல்லை. 2024 செப்டம்பர்ல பனி கொட்டினப்ப என்3 மூடிக்கிடந்து, வண்டிகள் ராத்திரி முழுக்க அங்கேயே நின்னுது. கேபின்ல ஒரு கம்பளி, ரொட்டி, தண்ணி இல்லாம அந்தப் பக்கம் யாரையும் அனுப்பாதீங்க. நியூகாசில் போறவன் கணவாய் ஏற வேண்டியதில்லைதான். ஆனா மேலே அடைச்சா கீழே மூய் ரிவர் வரைக்கும் வரிசை நிக்கும்.

ரிச்சர்ட்ஸ் பே

ஒரே நாள் ஓட்டம்தான் வேணும்னா வெருலம் தம்பி இந்தப் பக்கம் பாருங்க. நீங்க இருக்கிறதே வடக்குப் பக்கம், டர்பன் நெரிசல்ல மாட்டாம நேரா கடலோர என்2 நெடுஞ்சாலை ஏறிடலாம். டர்பன்ல இருந்து ஒரு வழி சுமார் 180 கிலோமீட்டர், பெரிய மலை எதுவும் இல்லை. மூணு மணி நேரத்துல வந்துடலாம். அலுமினியம், மரம்னு பிளாட்பெட்டுக்கு ஏத்த சரக்கு இருக்கு. காலை முதல் வரிசையில நின்னா மதியத்துக்குள்ள கிளம்பலாம், சாயங்காலம் வீடு. டோல் மட்டும் டொங்காட், ம்வோட்டி, ம்துன்சினின்னு வரிசையா வரும், அதை ரேட்ல சேர்த்துக்கணும். கரும்பு வெட்டுற மாசங்கள்ல கரும்பு வண்டி பின்னால மாட்டினா நேரம் கொஞ்சம் இழுக்கும்.

2.6 மீட்டருக்கு மேல அகலமான சரக்குன்னு யாராவது கூப்பிட்டா மட்டும் யோசிச்சு ஒத்துக்கோங்க. பெர்மிட் வேணும், இருட்டினா நகர முடியாது. அப்ப இங்கேயும் ராத்திரி தங்கல்தான்.

ஐசிபிங்கோ

ரிச்சர்ட்ஸ் பேயா இருந்தாலும் காத்திருப்புக் கட்டணத்தை எழுத்துல வாங்குங்க தம்பி. முதல் 2 மணி நேரம் இலவசம், அப்புறம் மணிக்கு இவ்வளவுன்னு. வாய்ப்பேச்சு வேண்டாம்.

வெருலம்

எல்லாருக்கும் நன்றி. மச்சான்கிட்டயும் படிச்சுக் காட்டினேன், “சாட்ஸ்வொர்த் மாமா சொன்னது சரி, நான் தினமும் போகமாட்டேன்”னு முதல் ஆளா அவனே சொல்லிட்டான். ஏஜென்ட்டுக்கு எழுதிட்டேன்: நியூகாசில்னா வாரம் ரெண்டு டிரிப், ஒவ்வொண்ணும் ரெண்டு நாள் ரேட், மறுநாள் காலை இறக்குறது, டிரைவர் தங்குறதுக்குப் படிக்காசு, கேட்டுல காத்திருப்புக் கட்டணம் தனி. தினமும்தான் வேணும்னா ஏத்தின டிரெய்லர் அவர் பக்கம் தயாரா நிக்கணும், அந்த டிரெய்லர் அவர் செலவு. படிச்சுட்டார்னு தெரியுது, பதில் இன்னும் வரலை. இதுக்கு நடுவுல ரிச்சர்ட்ஸ் பே அண்ணே, காலை வரிசை எத்தனை மணிக்குத் தொடங்கும்?

ரிச்சர்ட்ஸ் பே

5 மணிக்கே நின்னுடுங்க. 6 மணிக்கு வந்தா உங்களுக்கு முன்னால பத்து வண்டி இருக்கும்.