ஸ்வால்பார்ட் சூடாவது கடல் நீரோட்டத்தாலா, நம்மாலா?

வாடைக்காற்று:
ஆர்க்டிக் உருகுகிறது என்று யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் ஸ்வால்பார்டைத்தான் காட்டுகிறார்கள். நார்வேக்கு வடக்கே 74 டிகிரியில் தொடங்கி 81 டிகிரி வரை போகும் தீவுக்கூட்டம் அது. உதாரணத்துக்கு அதைவிடப் பொருந்தாத இடம் இல்லை என்பது என் கட்சி. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் ஒரு கிளை அதன் மேற்குக் கரையை ஒட்டியே வடக்கே போகிறது. 78 டிகிரியில் லாங்யியர்பியென் என்ற ஊர் பள்ளிக்கூடம், கடை, விமான நிலையம் என்று இயங்குவதே அந்த நீரோட்டத்தின் தயவில்தான். அதே அட்சரேகையில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்குப் போய்ப் பாருங்கள், கடல் பனிக்கட்டியால் அடைத்துக் கிடக்கும்.

நீரோட்டம் வலுத்தால் சூடு, தளர்ந்தால் குளிர். இது புதிதும் அல்ல. 1922இலேயே நார்வேயின் பெர்கன் நகரில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி இஃப்ட் ஓர் அறிக்கை அனுப்பினார். நார்வே புவியியலாளர் அடோல்ஃப் ஹூல் தலைமையில் போன குழு 81 டிகிரியைத் தாண்டியும் பனிக்கட்டி இல்லாத கடலைக் கண்டது, பனியாறு இருந்த இடங்களில் கல்லும் மண்ணும் கிடந்தன என்று அதில் இருக்கிறது. அன்றைக்குப் புகை கக்கியது யார்?

துருவன்:
1922 அறிக்கை உண்மைதான், அதை யாரும் மறைக்கவில்லை. லாங்யியர்பியென் பகுதிக்கு 1898 முதல் கோத்தெடுத்த வெப்பநிலைப் பதிவு இருக்கிறது. 1910களுக்குப் பிறகு ஏறியது, 1930களிலும் 1950களிலும் சூடான ஆண்டுகள், 1960களில் மறுபடி இறங்கியது, எல்லாம் அதில் தெரிகிறது. ஏறியது இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போதைய ஏற்றம் இறங்கவில்லை. விமான நிலையத்தில் 1961–90 ஆண்டுச் சராசரி மைனஸ் 6.7 டிகிரி. 1991–2020க்கு ஏறத்தாழ மைனஸ் 4. இது பெரும்பாலும் குளிர்காலத்தில் நடந்த ஏற்றம் என்பதுதான் முக்கியம்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை அங்கே சூரியன் எழுவதே இல்லை. வெயிலே இல்லாத மாதங்களில் சூடு எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து. உறைந்த கடல், தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே மூடி போட்டது மாதிரி. மேலே காற்று மைனஸ் 25 என்றாலும் அடியில் உள்ள உப்புநீர் மைனஸ் 2க்குக் கீழே போகாது. மூடி போய்விட்டால் அந்தச் சூடு முழுவதும் காற்றுக்கு வந்துவிடும்.

வாடைக்காற்று:
நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? கடல்பனி போனதால் சூடு. கடல்பனி போனது நீரோட்டத்தால். கரியமிலவாயு இதில் எங்கே வந்தது?

இன்னொன்று. 1961–90 என்பது குளிரான காலம், அதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பள்ளத்தில் நின்று அளந்தால் எந்த மேடும் உயரமாகத்தான் தெரியும். 1930களோடு ஒப்பிடுங்கள், அப்புறம் பேசலாம்.

கருவிக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வாடைக்காற்று அண்ணா, அந்த நீரோட்டத்தை நேராக அளக்கிற வேலையில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. ஸ்வால்பார்டின் மேற்குக் கரையில் உள்ள ஆய்வு ஊரான நி-ஒலெசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. பக்கத்திலேயே கோங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த கடல் கழி. அதில் 2014இல் இறக்கிய இன்ட்ஆர்க் என்ற மிதவைத்தொடர் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்தது. ஆழத்தில் கம்பியில் கோத்த உணரிகள் வெப்பநிலையையும் உப்பின் அளவையும் குளிர்காலம் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கும். கப்பல் போக முடியாத மாதங்களில் இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்த ஃபியோர்டில் முன்பு குளிர்காலத்தில் கெட்டியாக உறையும். 2006க்குப் பிறகு அப்படி உறைவது அரிதாகிவிட்டது. அட்லாண்டிக் நீர் உள்ளே புகுவது இயற்கையான ஓட்டம்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உள்ளே வரும் நீரே முன்பைவிடச் சூடாக வருகிறது. பூமி கூடுதலாகப் பிடித்துவைக்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. நீரோட்டம் அதைத்தான் வடக்கே கொண்டுபோகிறது. இது வேறு, அது வேறு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

துருவன்:
1930களோடு ஒப்பிடச் சொன்னீர்கள், சரி. 2016இல் லாங்யியர்பியெனின் ஆண்டுச் சராசரி கிட்டத்தட்ட 0 டிகிரி. 1930களிலோ 1950களிலோ எந்த ஆண்டும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. எங்கே அதிகம் சூடாகிறது என்பதையும் பாருங்கள். நீரோட்டம் உரசும் மேற்குக் கரையைவிட, கடல்பனி பின்வாங்கும் வடக்கு, கிழக்குத் தீவுகளில்தான் ஏற்றம் அதிகம். உங்கள் விளக்கம் மட்டும் போதும் என்றால் மேற்கில்தானே அதிகம் இருக்க வேண்டும்?

பொன்மலைச்சாரல்:
இங்கே பேசுவது முழுக்க டிகிரிக் கணக்காகவே இருக்கிறது. அந்த ஊர் வீடுகள் உறைந்த நிலத்தில் இறக்கிய மரத்தூண்கள் மேல் நிற்பவை. கோடையில் நிலத்தின் மேலடுக்கு முன்பைவிட ஆழமாக இளகுவதால் தூண் அசைகிறது, மரமும் அழுகுகிறது. புதிதாகக் கட்டுபவர்கள் இரும்புத் தூணைப் பாறை வரை இறக்குகிறார்கள். 2015 டிசம்பரில் மலையிலிருந்து பனி சரிந்து வீடுகள் மேல் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையடிவார வீடுகள் பலவற்றைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

வாடைக்காற்று:
பனிச்சரிவு எந்தக் காலத்திலும் வரும் தங்கையே, ஒரே ஒரு புயலை வைத்துக் காலநிலையைத் தீர்மானிக்க முடியாது. சூடு எல்லாமே கேடு என்பதையும் ஏற்க மாட்டேன். அங்குள்ள ரெயின்டீர் மான்கள் எண்ணிக்கையில் பெருகியிருக்கின்றன. கோடை நீண்டு புல் அதிகம் முளைப்பது ஒரு காரணம். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பொன்மலைச்சாரல்:
சொல்கிறேன். கோடையில் கொழுக்கின்றன, உண்மை. குளிர்காலத்தில் என்ன ஆகிறது? 2012 ஜனவரி 30 அன்று நி-ஒலெசுண்டில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் மழை. பனியல்ல, மழை. ஆண்டு முழுவதும் பெய்வதில் ஏறத்தாழ கால்பங்கு, நடு இருட்டில் கொட்டியது. அது பனிக்குள் ஊறி, தரையோடு ஒட்டிக் கண்ணாடிப் பாளமாக உறைந்துவிடும். மான் பனியைக் குளம்பால் தோண்டித்தான் பாசியையும் காய்ந்த புல்லையும் தின்னும். பாளத்தின் மேல் குளம்பு வழுக்கும், உடையாது. அடியில் தீனி கண்ணுக்குத் தெரிந்தும் வாய்க்கு எட்டாது. அப்போது சில மான்கள் கடற்கரைக்கு இறங்கி, அலை ஒதுக்கிய கடற்பாசியைத் தின்று நாளைக் கடத்துகின்றன. எண்ணிக்கை கூடியது என்ற ஒரு வரியில் இது அடங்காது அண்ணா.

வாடைக்காற்று:
மழை விவரத்தை ஏற்கிறேன். 2016 கணக்குக்கும் என்னிடம் மறுப்பில்லை. ஆனால் ஒன்றில் விடமாட்டேன். உலகச் சராசரியைவிட ஆறேழு மடங்கு வேகம் என்று ஸ்வால்பார்டின் எண்ணை எடுத்து ஆர்க்டிக் முழுவதற்கும் ஒட்டுகிறார்களே, அது தவறு. கடல்பனியின் விளிம்பில் இருப்பதால்தான் அங்கே அவ்வளவு வேகம். கனடாவின் வட தீவுகளுக்கு அந்த எண் பொருந்தாது.

துருவன்:
பொருந்தாது, அப்படி எழுதுபவர்களை நானும் கண்டிக்கிறேன். ஆர்க்டிக் முழுவதற்கும் சராசரியாக மூன்று நான்கு மடங்கு என்பதுதான் சரி. ஆனால் விளிம்பு என்பது ஒரே இடத்தில் நிற்கும் கோடு அல்ல. ஸ்வால்பார்டுக்குக் கிழக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் அது வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. இன்று ஸ்வால்பார்டுக்கு நடப்பது, விளிம்பு போய்ச் சேரும் அடுத்த தீவுகளுக்கும் நடக்கும். அதை நீரோட்டம் மட்டும் செய்கிறது என்று காட்ட, மேற்குக் கரையைவிடக் கிழக்குத் தீவுகள் ஏன் வேகமாகச் சூடாகின்றன என்ற என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை.

வாடைக்காற்று:
பேரன்ட்ஸ் கடல் வழியாகவும் அட்லாண்டிக் நீரின் இன்னொரு கிளை கிழக்கே போகிறது. அதை வைத்துப் பதில் எழுதுகிறேன், ஞாயிறு வரை பொறுங்கள்.

கருவிக்காரி:
எழுதுங்கள் அண்ணா. அந்தக் கிளையிலும் நீர் சூடேறி வருவதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.