மாசி மாசத்துல இலையே இல்லாம சிவப்பா பூத்து நிக்கிற மரம் எது?

கேள்வி (பஸ்_ஜன்னல்): போன வாரம் மதுரைல இருந்து திண்டுக்கல் போறப்ப ரோட்டோரமா ஒரு மரம் பாத்தேன், ஒரு இலை கூட இல்ல, கிளை பூரா சிவப்பு பூ, காக்கா மைனா எல்லாம் ஒரே கூட்டம். குல்மோஹரா இது?

மொட்டைமாடி: குல்மோஹர் பூக்க இன்னும் நாள் இருக்குங்க, அது சித்திரை வெயிலுக்குத்தான். பூ உள்ளங்கை சைஸ்ல, தடியா அஞ்சு இதழோட இருந்துச்சா? அப்போ முள்ளிலவு. கீழ விழுந்தா தொப்புன்னு சத்தம் கேக்கும். தேன் நெறைய இருக்கும், அதான் பறவை மொய்க்குது, அணில் கூட விடாது.

கொடைரோடு: கல்யாண முருங்கையாவும் இருக்கலாம் ப்ரோ, அதுவும் இப்பதான் இலைய கொட்டிட்டு பூக்கும். ஆனா பூ குறுகலா கொத்தா நீட்டிட்டு இருக்கும். சளிக்கு அடை சுடுவாங்கள்ல, அந்த இலை மரம்தான்.

புரசை: ஆரஞ்சு கலர்ல கிளி மூக்கு மாதிரி வளைஞ்சிருந்தா புரசு. எங்க புரசைவாக்கம் பேரே அதுல வந்ததுதான், கங்காதீஸ்வரர் கோயில் தலமரமும் அதான், ஆனா ஏரியால இப்ப தேடித்தான் பாக்கணும் 😄

பஸ்_ஜன்னல்: தடி இதழ்தான், அப்போ முள்ளிலவு! தலகாணிக்கு பஞ்சு எடுக்கிறது இதானா?

மொட்டைமாடி: அது இலவம்பஞ்சு மரம், சொந்தக்காரங்கதான், ஆனா பூ சின்னதா வெளிர் நிறத்துல இருக்கும். முள்ளிலவு காயிலயும் பஞ்சு வரும். அப்டியே பாறைக்குன்று பக்கம் போனா மஞ்சளா பூத்த கோங்கையும் பாத்துட்டு வாங்க, அதுக்கும் இப்ப இலை இருக்காது.