இரவில் வீட்டுக்குள் வரும் தெருப்பூனை: ஓட்டையை மூடிவிடலாமா?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரு தெருப்பூனை ராத்திரியில் எங்கள் வீட்டுக்குள் வந்து போகிறது. சாம்பல் நிறம், முதுகில் கறுப்பு வரிகள், வால் நுனி கொஞ்சம் மடங்கியிருக்கும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய இடம் ஓட்டையாகவே கிடக்கிறது. அந்த வழியாகத்தான் நுழைகிறது. யாரும் வளர்த்த பூனை இல்லை. ஆளைக் கண்டாலே காது இரண்டையும் பின்னால் படியவைத்துச் சீறும்.

ஏதோ பசிக்கு வருகிறது என்று நினைத்தேன். பால் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன், குப்பைக் கூடையை வெளியே கொண்டுபோய் வைத்தேன், இரவில் மேடையைத் துடைத்து வைக்கிறேன். ஒரு பருக்கைகூடக் கிடையாது. ஆனாலும் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலு மணிக்கு என் மாமியார் குளியலறை விளக்கைப் போட்டிருக்கிறார். அது உள்ளே இருந்திருக்கிறது. அவர் அலறிய அலறலில் நான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விரட்ட விரட்ட அது சுவரில் ஏறி ஏறிச் சரிந்தது. கடைசியில் மூலையில் ஒடுங்கி, உடம்பெல்லாம் சிலிர்த்து, அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை தளர்ந்துவிட்டது. கதவை விட்டு விலகி நின்றேன், என் காலுக்குப் பக்கத்திலேயே பாய்ந்து ஓடிவிட்டது.

என் கணவர், ஞாயிற்றுக்கிழமை அதைச் சாக்கில் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் எலி மருந்து வைக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. வீட்டில் தவழ்கிற குழந்தை இருப்பதால் அப்படியே விடவும் முடியவில்லை. இன்றைக்கே ஒரு பலகையை அடித்து ஓட்டையை மூடிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?

பதில் 1

மூடுங்கள் சகோதரி, அதுதான் ஒரே வழி. கூடவே ஓட்டைப் பக்கம் நாலைந்து அந்துருண்டையும், தரையில் ஃபினாயிலும் போட்டுவையுங்கள். வாடை பிடிக்காமல் போய்விடும்.

பதில் 2

சகோதரி, தயவுசெய்து இன்றைக்கு மூட வேண்டாம். முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மூன்று தரம் படித்தேன். சாப்பிட ஒன்றுமே இல்லை, ஆனாலும் வருகிறது என்கிறீர்கள். ஆளைக் கண்டு அவ்வளவு நடுங்குகிற பூனை, சாப்பாடும் இல்லாத வீட்டுக்குத் தினமும் ஏன் வர வேண்டும்? உங்கள் வீட்டுக்குள் அது எதையோ வைத்திருக்கிறது. எனக்கு அது குட்டி என்றுதான் படுகிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு ஓட்டையை மூடினேன். பின்கட்டில் ஓடு நகர்ந்திருந்த இடம். சாயங்காலம் ஆள் வைத்துச் சிமெண்ட் பூசி முடித்தாயிற்று. அன்று ராத்திரி முழுக்க ஒரு பூனை கூரை மேல் கத்தியது, மறுநாள் ராத்திரியும் கத்தியது. உள்ளே வர முடியாத கோபம், பழகிப்போகும் என்று நினைத்துக்கொண்டு காதை மூடிப் படுத்தேன். மூன்றாம் நாள் மதியம், வீடு அமைதியாக இருந்தபோது பரணிலிருந்து ஊசிமுனை மாதிரி ஒரு சத்தம். ஏறிப் பார்த்தால் பழைய பாய்ச் சுருளுக்குப் பின்னால் நாலு குட்டிகள். மூன்று ஏற்கெனவே விறைத்திருந்தன. கண்ணே திறக்காத குட்டிகள். மிச்சமிருந்த ஒன்று பிழைத்து இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. அந்தத் தாயின் குரல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் தெருப்பூனைகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கருத்தடைக்குக் கொண்டுபோகிற வேலையில் இறங்கினேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: ஓட்டையை மூடுவது கடைசி வேலை, முதல் வேலை அல்ல.

இன்றிரவு இதை மட்டும் செய்யுங்கள். ஓட்டைக்குக் கீழே மேடையிலும், ஒவ்வொரு அறை வாசலிலும் கொஞ்சம் மாவைச் சலித்து மெல்லிசாகத் தூவுங்கள். காலையில் தடத்தைப் பாருங்கள். மேடையைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தால் அது தீனி தேடுகிற பூனை. நேராக ஒரே அறைக்குப் போய், நெடுநேரம் கழித்துத் திரும்பியிருந்தால் அந்த அறையில்தான் விஷயம் இருக்கிறது. பரண், கட்டிலுக்கு அடி, பீரோவின் பின்பக்கம், திறந்து கிடக்கிற பெட்டி என்று இருட்டாக, ஆள் கை படாத இடமாகப் பாருங்கள். பூனையின் வயிறு கண்ணில் பட்டால் கவனியுங்கள். பால் கொடுக்கிற பூனைக்குக் காம்புகள் சிவந்து பெருத்து, சுற்றிலும் முடி விலகித் தெரியும்.

குட்டிகள் இருந்தால் தொடாதீர்கள், எட்டி நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். கண் மூடியிருந்தால் பிறந்து பத்து நாளுக்குள் இருக்கலாம். ஏழு முதல் பதினாலு நாளுக்குள் கண் திறக்கும். மூன்று வாரத்தில் தள்ளாடி நடக்கும். நாலைந்து வாரத்தில் கெட்டியான தீனியைக் கடிக்கப் பழகும். நீங்கள் அந்த அறையில் வழக்கமாகப் புழங்கினாலே போதும், இந்த இடம் சரியில்லை என்று தாயே ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

உங்கள் கணவர் சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாக்கில் பிடித்தால் நிச்சயம் கடிபடுவார். பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேல்தோல் சட்டென்று மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். ஒரே நாளில் கை வீங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கடியோ கீறலோ பட்டால் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் பூனையிடமிருந்தும் வரும். சரி, கடிபடாமலே பிடித்துத் தூரமாக விட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தெரியாத இடத்தில் தண்ணீர் எங்கே என்றுகூட அதற்குத் தெரியாது. திரும்பி வரப் பார்த்து சாலையில் அடிபடும். குட்டிகள் உங்கள் வீட்டுக்குள்ளேயே பட்டினியில் செத்துப்போகும். ஓட்டையும் அப்படியே இருப்பதால் அடுத்த பூனை வந்து சேரும்.

எலி மருந்து வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற உயிர் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து, நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

முதல் பதில் சொன்ன நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், தெரியும். ஆனால் ஃபினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதன் மேல் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்துருண்டையும் விஷம்தான், பூனைக்கு மட்டுமல்ல, எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கும்.

அது வீட்டுக்குள் இருக்கும்போது எதிர்ப்பட்டுவிட்டால் விரட்டாதீர்கள். மற்ற அறைக் கதவுகளைச் சாத்துங்கள், வெளியே போகிற ஒரு வழியைத் திறந்து வையுங்கள், விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுங்கள். அரைமணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தால் தானே போய்விடும். அன்றைக்கு நீங்கள் கதவை விட்டு விலகினீர்களே, அதுதான் சரி.

பதில் 3

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மேலே சொன்னதோடு சில விஷயங்கள் மட்டும்.

குட்டிகள் இருந்தால் தாயின் கருத்தடையை இப்போதே செய்ய ஓட வேண்டாம். குட்டிகள் தாமாகத் தின்னும் வரை, அதாவது அவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் வரை பொறுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போடவும் வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடும், அப்புறம் ஒன்பது வாரத்தில் அடுத்த ஈடு. குட்டிகளையும் மறக்காதீர்கள். நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடும்.

பிடிப்பதற்குத் தானாக மூடிக்கொள்ளும் பொறிக்கூண்டு வேண்டும். தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்கிற அமைப்புகளிடம் கேட்டால் பெரும்பாலும் இரவல் தருவார்கள். அடியில் செய்தித்தாள் போட்டு, கோடியில் வாசனையுள்ள மீனை வையுங்கள். கூண்டை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது, எட்ட இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூனை அகப்பட்டதும் கூண்டு முழுவதையும் ஒரு போர்வையால் மூடிவிடுங்கள். அதுவரை மோதிக்கொண்டிருந்த பூனை இருட்டானதும் அடங்கிவிடும். தினமும் இதைப் பார்க்கிறேன், ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு ஒரு நிம்மதி வரும். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை நேராக வெட்டிவிடுவார்கள். இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, திரும்பப் பிடிக்க வேண்டாம் என்பதற்கான அடையாளம் அது. பெண்பூனை என்றால் இரண்டு நாள் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும்.

சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சைப் பாதிக்கும் வாயு வரும். தண்ணீரால் கழுவிவிட்டு என்சைம் கிளீனர் (நொதி கலந்த துப்புரவுத் திரவம்) போடுங்கள். மலம் இருந்தால் கையுறை போட்டு அன்றன்றே எடுத்துவிடுங்கள். அதில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

கேட்டவர்

பதில் 2 எழுதியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பலகையும் ஆணியும் வாங்கிவைத்துவிட்டுத்தான் உங்கள் பதிலைப் படித்தேன்.

அன்றிரவே மாவு தூவினோம். காலையில் தடம் சமையலறையில் எங்கேயும் நிற்கவில்லை. நேராக மாமியார் அறைக்குப் போய் அலமாரிப் பக்கம் முடிந்தது. அலமாரி மேல் மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பெட்டியில் குழந்தையின் பழைய துணிகளைப் போட்டு வைத்திருந்தேன். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். மூன்று குட்டிகள். இரண்டு தாயைப் போலச் சாம்பல், ஒன்று கருகருவென்று. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, இன்னும் முளைக்காத சத்தத்தில் கறுப்புக் குட்டி சீறியது. அன்றைக்கு விடிகாலை நான் துடைப்பத்தோடு மூலையில் நெருக்கியபோது அது இவற்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

என் கணவரும் ஏறிப் பார்த்தார். இறங்கியதிலிருந்து சாக்குப் பேச்சை எடுக்கவில்லை. மாமியார் குழந்தையோடு எங்கள் அறைக்கு வந்துவிட்டார். அவர் அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, பூனை போக மட்டும் வழி விட்டோம். பகலில் துணி எடுக்கக் கொள்ள நான் உள்ளே போய்வந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி சமையலறைப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். இருட்டில் கூடத்து ஓரமாக நின்று பார்த்தேன். வாயில் ஒரு குட்டியோடு மேடையில் ஏறி, ஓட்டை வழியாக நுழைந்து மறைந்தது. முக்கால் மணி நேரத்தில் மூன்றையும் கொண்டுபோய்விட்டது. கறுப்புக் குட்டிதான் கடைசி.

பின்பக்கம் விறகு அடுக்கிய கொட்டகையில் இருக்கிறது என்று நேற்றுத்தான் கண்டுபிடித்தோம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டகை வாசலில் தண்ணீரும் கொஞ்சம் மீனும் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். மூன்று இரவாக வீட்டுக்குள் மாவில் தடமே இல்லை. ஓட்டையை மூட என்ன போடலாம்? பொறிக்கூண்டை எந்த வாரம் கேட்டு வைக்கட்டும்?

பதில் 2

படித்து முடிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது சகோதரி. பெட்டியை ஒரு தரம் முழுதாகக் கொட்டிப் பார்த்துவிட்டு ஓட்டையை மூடுங்கள். பலகை வேண்டாம், காற்றுப் போக வேண்டுமே. கெட்டியான கம்பி வலையைத் திருகாணி போட்டு நாலு பக்கமும் இறுக்குங்கள். பூனையின் தோள்பட்டைக் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணைந்திருக்காது. அதனால் தலை நுழைகிற இடுக்கில் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். விளிம்பில் இடைவெளி விடாதீர்கள். பகலில் அது கொட்டகையில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

சாப்பாடு வைக்கிற அதே நேரத்தை மாற்றாதீர்கள், கூண்டு வைக்கும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். நீங்கள் பார்த்த அன்றே கண் திறந்திருந்ததால் இப்போது ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். இன்னும் நாலு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்து இப்போதே கூண்டு சொல்லி வையுங்கள்.

கேட்டவர்

பெட்டியைக் கொட்டிப் பார்த்தாயிற்று, துணி மட்டும்தான். நாளைக் காலை வலை அடிக்கிறோம். கூண்டுக்கும் சொல்லிவிட்டேன்.