கலைச்சொல்: ‘உரிம மாற்றம்’ வேண்டாம், ‘புத்துரிமம்’ என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் சொற்பிழைதிருத்தியின் உரிமம் குறித்து ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டோம். கட்டணம் வாங்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். சிக்கல் இதுதான்: நம் நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2-ஆம் பதிப்பில் மட்டும் இருக்கிறது. ‘அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்ற வரியை அன்று யாரும் சேர்க்கவில்லை. இப்போது நமக்குத் தேவைப்படும் நிரலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) அப்பாச்சி 2.0 என்ற வேறொரு கட்டற்ற உரிமத்தில் உள்ளது. அதை ஜிபிஎல் 2 நிரலோடு கலந்து வெளியிட உரிம விதிகள் விடாது, ஜிபிஎல் 3-ஓடு கலக்கலாம். 3-க்குப் போக, பங்களித்த ஒவ்வொருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். நாம் யாரும் சம்பளத்துக்கு எழுதவில்லை, ஆகவே அவரவர் எழுதியது அவரவருக்கே சொந்தம். அலுவலக வேலையின் பகுதியாக எழுதியவர்கள் இருந்தால் தனியே சொல்லுங்கள், அங்கே உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும்.

‘உரிம மாற்றத்துக்கு ஒப்புதல்’ என்று தலைப்பிட்டுக் கடிதத்தை அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே, ஊர்ப்பெயர்களைத் திரட்டித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அழைத்துவிட்டார். “தம்பி, நான் சேர்த்த பேரையெல்லாம் யாருக்கு எழுதிக் கொடுக்கப் போறீங்க?”

ஒரு ஐகாரம்தான் வித்தியாசம்: உரிமம், உரிமை. ஆனால் குற்றம் அதில் மட்டும் இல்லை. பட்டா மாற்றம், பெயர் மாற்றம் என்று நாம் தாளில் பார்த்த ‘மாற்றம்’ எல்லாமே சொத்து கை மாறுவதுதான். ஐயா சரியாகத்தான் படித்திருக்கிறார். நான்தான் தவறாக எழுதியிருக்கிறேன்.

சட்டத்திலும் இவை வேறு வேறு. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையையே கொடுத்துவிடுவது 18, 19-ஆம் பிரிவுகளில் வருகிறது. உரிமையை வைத்துக்கொண்டு பயன்படுத்த மட்டும் விடுவது 30-ஆம் பிரிவு. முன்னதற்கு யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘உரிமைக் கையளிப்பு’ மிகப் பொருத்தம், அப்படியே எடுத்துக்கொள்வோம்.

பின்னதைப் புதிதாகத் தருவதற்கு அவர் சொன்னது ‘மறுஉரிமம்’. எனக்கு அதில் தயக்கம். ஓட்டுநர் உரிமம் தொலைந்தால் மறுபடி வாங்குவதுபோல, பழையதையே இன்னொரு முறை தருவதாகத் தொனிக்கிறது. நாம் செய்யப்போவது அது இல்லை. ஏற்கெனவே வெளிவந்த பதிப்புகள் ஜிபிஎல் 2-இலேயே இருக்கும், அதை யாரிடமிருந்தும் திரும்பப் பெற முடியாது. இனி வருபவற்றுக்குத்தான் புதிய உரிமம். புத்துயிர், புத்துணர்ச்சி போலப் புது + உரிமம் = புத்துரிமம். வினையாக ‘புத்துரிமம் இடுதல்’. வாயிலும் எளிதாக வருகிறது.

இதை இவ்வளவு நீட்டக் காரணம் இருக்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடம் 2012-இல் உரிமத்தை மாற்றியபோது, சம்மதம் தராதவர்களின் பதிவுகளை வரைபடத்திலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று. ஐயா சொல் புரியாமல் மறுத்துவிட்டால் அவர் திரட்டிய ஊர்ப்பெயர்கள் அத்தனையும் போய்விடும்.

அப்புறம், வழக்கறிஞர் சொன்ன இன்னொன்று. உரிமைக் கையளிப்பில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. 30அ பிரிவு அதை உரிமங்களுக்கும் நீட்டுகிறது. ஜிபிஎல் 2-இல் காலம் பற்றிய சொல்லே இல்லை. 2007-இல் வந்த 3, பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும் என்று தெளிவாகச் சொல்கிறது. எல்லையைக் கடிதத்திலேயே எழுதிவிடலாம் என்றார்.

திருத்திய கடிதத்தின் முதல் பத்தி கீழே. ஞாயிற்றுக்கிழமைக்குள் குறை சொல்லுங்கள், ஐயாவுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

“நீங்கள் திரட்டிய சொற்கள் உங்களுடையவை, என்றும் உங்களுடையவையாகவே இருக்கும். உங்கள் உரிமையை யாருக்கும் கையளிக்கக் கேட்கவில்லை. உலகெங்கும் எவரும் அவற்றைப் பயன்படுத்த, ஜிபிஎல் 3-இன்படி புத்துரிமம் இடச் சம்மதம் மட்டும் கேட்கிறோம்.”