அப்பத்தா வீட்டுப் பிளேயரில் ஓட டிவிடி மைனஸா, பிளஸ்ஸா? எந்த ரைட்டர் வாங்கலாம்?

காரைக்குடிப் பேரன்:
அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. மூன்று மணி நேரம், ஒரே எம்பி4 கோப்பு, 4.5 ஜிபி. அப்பத்தாவிடம் இருப்பது 2001இல் வாங்கிய டிவிடி பிளேயர். பென்டிரைவ் செருக இடமில்லை. நண்பன் வீட்டு ரைட்டரில் டிவிடி பிளஸ் ஆரில் போட்டுப் பார்த்தேன். உறையில் 4.7 ஜிபி என்று இருக்கிறது, ஆனால் இடம் போதாது என்கிறது. சரி என்று கோப்பைச் சுருக்கி எழுதிக் கொண்டுபோனேன். பிளேயர் கர் கர் என்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்றது. அப்பத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சொந்தமாக ஒரு ரைட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். லேப்டாப்பில் டிரைவ் கிடையாது. எதை வாங்க?

வெட்டிப்பேச்சு:
டிவிடியா, இன்னுமா? ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பென்டிரைவைச் செருகுங்கள்.

பழைய ஸ்டுடியோக்காரன்:
வயதானவர்களுக்குப் பழகிய ரிமோட்தான் ரிமோட். புது டிவியை அவர் தொடவே மாட்டார்.

தம்பி, பதினைந்து வருடம் கல்யாண டிவிடி போட்டே பிழைத்தவன் நான். உறையில் இருக்கும் 4.7 ஆயிரம் ஆயிரமாக எண்ணிய கணக்கு. விண்டோஸ் 1024ஆல் வகுக்கும், அதனால் அதன் கண்ணுக்கு 4.37தான். அப்புறம், எம்பி4ஐ அப்படியே எழுதினால் அது டேட்டா டிவிடி. அந்தக் காலத்துப் பிளேயருக்கு அது புரியாது. டிவிடிஸ்டைலர் மாதிரி இலவச மென்பொருளில் எம்பெக்-2 ஆக மாற்றி, வீடியோ டிவிடியாகவே எழுத வேண்டும். அதில் பால் (குடிக்கிற பால் இல்லை, நம் நாட்டு டிவி முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடியில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு வகை. மைனஸ் ஆர் 1997இல் பயனியர் கொண்டுவந்தது. பிளஸ் ஆர் வந்தது 2002இல், அதாவது உங்கள் அப்பத்தா பிளேயர் வாங்கிய பிறகு. டிஸ்கில் 'நான் இன்ன வகை' என்று ஒரு குறிப்பு இருக்கும். தெரியாத பெயரைக் கண்டால் பழைய பிளேயர் முழிக்கும். சில ரைட்டர்களில் அந்தக் குறிப்பை டிவிடி ரோம் (கடையில் விற்கும் படத்து டிவிடி வகை) என்று மாற்றி எழுதலாம், பிட்செட்டிங் என்போம். அந்தத் தலைவலி எதற்கு? மைனஸ் ஆர் வாங்குங்கள். அது கழித்தல் குறி இல்லை, வெறும் கோடுதான் என்று சொல்வார்கள். கடையில் மைனஸ் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வேண்டாம். ஒளியைக் குறைவாகத் திருப்பும், தேய்ந்த லென்ஸ் திணறும்.

ரைட்டருக்கு ரொம்ப யோசிக்காதீர்கள். இப்போது வருபவை மைனஸ், பிளஸ் இரண்டையும் எழுதும். உங்களுக்கு யுஎஸ்பி ஸ்லிம் ரைட்டர், 8எக்ஸ் வேகம் போதும். மேசைக் கம்ப்யூட்டர் இருந்தால் உள்ளே பொருத்தும் சாட்டா டிரைவ் இன்னும் உறுதி. ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் யுஎஸ்பி ஹப்பில் மட்டும் செருகாதீர்கள். ஒரு முகூர்த்த நாளில் பாதியில் கரண்ட் போதாமல் வரிசையாக 11 டிஸ்க் வீணாகி, டிஸ்க் விற்றவரிடம் சண்டைக்கே போனேன். தப்பு என் ஹப்பில்.

வேகத்தை 4எக்ஸ் வையுங்கள். 1எக்ஸ் என்றால் வினாடிக்கு 1,385 கிலோபைட். முழு டிஸ்க்குக் கால் மணி நேரம் ஆகும், காப்பி குடித்துவிட்டு வரலாம். கடைசியில் ஃபைனலைஸ் செய்ய, அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்கை மூடி முடிக்க, மறக்க வேண்டாம்.

மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். நாங்கள் ஒட்டினோம். நாலு வருடத்தில் ஓரம் சுருங்கி, டிஸ்க் வளைந்து, டிரைவ் மாவு மில் மாதிரி இரைந்தது.

காரைக்குடிப் பேரன்:
நன்றி அண்ணே. மூன்று மணி நேரத்துக்கு, இரண்டு அடுக்கில் எழுதும் 8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க் வாங்கட்டுமா?

பழைய ஸ்டுடியோக்காரன்:
வேண்டாம். விலை அதிகம், ஒரு லேயரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் பழைய பிளேயர் நின்றுவிடலாம். இரண்டு டிஸ்காகப் பிரியுங்கள்: முகூர்த்தம் வரை ஒன்று, மற்றது ஒன்று. ஒன்றரை மணி நேரம் என்றால் படமும் தெளிவாக இருக்கும்.

காரைக்குடிப் பேரன்:
ஓடியது! தாலி கட்டும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, பின்னால் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகக் காட்டி உறவுமுறை சொன்னார். இரண்டாவது டிஸ்க்கை இன்னும் போடவே விடவில்லை. பெரியப்பா வீட்டுக்கு நாலு காப்பி வேண்டுமாம். ஸ்டிக்கர் ஒட்டவில்லை அண்ணே, மார்க்கர்தான்.