செயலி ஒன்று சொன்னது, நாம் ஒன்று கண்டோம்: சுங்கை சிப்புட் வட்டாரத்தார் அனுபவங்கள்

குலைக்காரர் மகன் எழுதியது:

செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தில் இப்போது படம் பிடித்துத் தரம் பார்க்கிறார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். லோரியிலிருந்து இறக்கிய செம்பனைக் குலைகளைக் கைப்பேசியில் காட்டினால் பழுத்தது எது, காய் எது என்று செயலியே பிரித்துவிடுகிறது. முன்பு தரம் பார்த்த பெரியவர் இல்லை. போன வாரம் அப்பாவோடு போயிருந்தேன். எங்கள் குலைகளில் ஏறக்குறையப் பாதிக்குக் காய் என்று சிவப்புக் கட்டம் விழுந்தது.

அப்பா சத்தம் போடவில்லை. குந்தி உட்கார்ந்து, சிவப்பு விழுந்த ஒரு குலையை இரண்டு கையாலும் புரட்டினார். அடிப்பக்கம் முழுக்கப் பழம் உதிர்ந்த குழிகள். ஒவ்வொரு குழியிலும் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார். பத்தைத் தாண்டியதும் நிமிர்ந்தார். புதிதாகப் பழம் உதிர்ந்த குழிகள் குறைந்தது 10 இருந்தால் அது பழுத்த குலை என்பது மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதி. அப்பா அந்தக் கையேட்டைப் படித்ததில்லை, ஆனால் விதி அவருக்குத் தெரியும். "தம்பி, நீயே எண்ணிப் பார்" என்றார். செயலியை வைத்திருந்த இளைஞர் குலைப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. திரையை எங்களிடம் நீட்டி, "இதில் இப்படி வந்துவிட்டது ஐயா, என்னால் மாற்ற முடியாது" என்றார்.

அந்தக் குலைகளுக்காகப் பிடித்த பணத்தை மறந்துவிடலாம். காலடியில் கிடக்கும் குலையை ஒருவர் குனிந்து பார்க்க மறுத்ததை என்னால் மறக்க முடியவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பலகார வீட்டு மகள் எழுதியது:

குலை அனுபவம் எனக்கில்லை, முறுக்கு அனுபவம் இருக்கிறது. அம்மா தீபாவளிக்குக் கை முறுக்கு சுற்றி விற்பவர். விளம்பரம் செய்து தருகிறேன் என்று வந்த ஒருவர், அம்மாவின் முறுக்கைப் படம் எடுக்காமலேயே செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒரு படம் வாங்கி முகநூலில் போட்டுவிட்டார். அழகான படம்தான். ஆர்டரும் குவிந்தது. ஈப்போவிலிருந்து காரில் வந்த ஓர் அக்கா டின்னைத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்துக் கைப்பேசிப் படத்தின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

நானும் அப்போதுதான் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தேன். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கை முறுக்குக்குத் தொடக்கம் உண்டு, மாவைக் கிள்ளி ஒட்டிய முடிவும் உண்டு. அம்மா அந்த அக்காவிடம், "இது என் கையால் சுற்றியது அம்மா. அந்தப் படத்தில் இருப்பது யார் சுற்றியது என்று எனக்குத் தெரியாது" என்றார். அக்கா வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் அன்று முழுவதும் அம்மா, சுற்றிய ஒவ்வொரு முறுக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடக் கையைச் சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செயலி கட்டுபவன் எழுதியது:

முதல் பதிவை எழுதியவரோடு நான் முழுவதும் உடன்படவில்லை. முதலில் என் கதை.

நம் ஊர்த் தையல்கார அக்கா ஒருவருக்கு அளவுப் புத்தகத்தைச் செயலியாக மாற்றித் தந்தேன். முன்பெல்லாம் இதற்கு மாதக் கணக்கில் ஆகும். இப்போது தேவையைப் பேச்சு நடையில் சொன்னால் நிரலை இயந்திரமே எழுதுகிறது. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி இதற்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார், பெயர் நிலைத்துவிட்டது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல, ரவிக்கை அளவு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் திரையில் வரிசையாக வந்தன. அக்கா கேட்டார்: "நான் சொன்னதைத்தானே அது செய்தது. நீ எதற்குத் தம்பி?"

வேறொரு கைப்பேசியில் அதே இணைப்பைத் திறந்து காட்டினேன். கடவுச்சொல் எதையும் கேட்காமல், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் அளவும் பெயரோடு விரிந்தது. பூட்டு வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, அதுவும் போடவில்லை. அக்காவின் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் அது இன்னும் காதில் ஒலிக்கிறது, ஏனென்றால் பூட்டையும் அதுவே போடும் நாள் தூரத்தில் இல்லை.

இனி குலை விஷயம். அந்தச் செயலி பொய் சொல்லவில்லை, காட்டியதைச் சொன்னது. அதற்குப் படங்களைக் கொடுத்துத்தான் பழக்குகிறார்கள். நம் நாட்டில் அதிகம் இருப்பது கறுப்பு கலந்த ஊதாக் காய் பழுத்துச் செம்மஞ்சளாகும் வகை. காய் பச்சையாக இருந்து பழுக்கும் வகையும் உண்டு. எந்த வகைப் படங்கள் அதிகமோ அதைத்தான் அது நன்றாகக் கற்றுக்கொள்ளும். மழையில் நனைந்த குலை, சேறு ஒட்டிய குலை, லோரி நிழலில் கிடக்கும் குலை எல்லாம் நிறத்தைக் கெடுக்கும். குழிகள் அடிப்பக்கம் இருந்தால் காமிராவுக்கு அவை இல்லவே இல்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: இறக்கும்போதே குழி தெரியும் பக்கத்தை மேலே வைக்கச் சொல்லுங்கள். சிவப்பு விழுந்த குலையை அங்கேயே புரட்டி, நீங்களும் தேதியோடு படம் எடுங்கள். எடைச் சீட்டில் எத்தனை குலை எந்தக் காரணத்துக்காகக் கழிக்கப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களையும் இதையே செய்யச் சொல்லுங்கள். ஒருவர் படம் புகார் ஆகும், இருபது பேர் படம் ஆதாரம் ஆகும். முக்கியமாக, முடிவை மாற்றும் பொத்தான் அந்த இளைஞருக்கு இருக்கிறதா என்று முதலாளியிடம் நேராகக் கேளுங்கள். நல்ல செயலியில் அது இல்லாமல் இருக்காது.

மூன்றாம் லயம் எழுதியது:

செயலி கட்டுபவரே, காமிராவுக்கு அடிப்பக்கம் தெரியாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அது பொய் சொல்லவில்லை என்பது எப்படிச் சரியாகும்? பாதிக் குலையைப் பார்த்துவிட்டு முழுக் குலைக்கும் விலை சொல்வதை எங்கள் தோட்டத்தில் வேறு பெயரில் அழைப்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி எடை குறைத்த காலத்தில் கிராணியிடம் சண்டை போட முடிந்தது. இப்போது யாரிடம் போவது? விவசாயிதான் குலையைத் திருப்பி வைக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும் என்கிறீர்கள். செயலியைக் கொண்டுவந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே.

மண்டப டீச்சர் எழுதியது:

கோவில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வாசிப்புப் பயிற்சிச் செயலி ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தார்கள். பிள்ளை தமிழில் வாசித்தால் அது கேட்டுக்கொண்டே வரும், சரியான சொல் பச்சை, தவறு சிவப்பு. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், நன்றாக வாசிக்கும் பிள்ளை, மழை என்று அவ்வளவு அழகாகச் சொன்னான். சிவப்பு. மறுபடியும் சொன்னான். சிவப்பு. குரலை உயர்த்திச் சொன்னான். கடைசியில் நாக்கை மடக்காமல், 'மலை' என்று சொன்னான். பச்சை வந்தது. பக்கம் தானாகப் புரண்டது. அவன் சந்தோஷப்படவில்லை. "டீச்சர், இனிமேல் இப்படித்தான் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டான்.

கைப்பேசியை அணைத்துவிட்டு, அந்தப் பாடம் முழுவதையும் என்னிடம் வாசிக்கச் சொன்னேன். ஆனால் வீட்டில் செயலியோடு மட்டும் வாசிக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

பொறுமை தேவை எழுதியது:

டீச்சர், உங்கள் வருத்தம் புரிகிறது. இருந்தாலும் இந்தக் கருவிகளில் தமிழ் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் 2005இல் தமிழில் தட்டெழுதும் செல்லினம் செயலியைக் கொண்டுவந்தபோது, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதே பெரிய செய்தி. செயற்கை நுண்ணறிவு எந்த வாசகத்தையும் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். சாட்ஜிபிடி நிறுவனமான ஓப்பன் ஏஐ 2024 மே மாதம் புதிய மாதிரியை வெளியிட்டபோது, முன்பு 116 துண்டுகளாக வெட்டப்பட்ட ஒரு தமிழ் வாசகம் இனி 35 துண்டுதான் என்று காட்டியது. துண்டு குறைந்தால் செலவும் குறையும், பதிலும் வேகமாக வரும். எழுத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். பேச்சும் வரும்.

மண்டப டீச்சர் எழுதியது:

வரட்டும். அதுவரை அந்தச் சிவப்பு நிறத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டாம் என்கிறேன். அவனுக்கு இந்த ஆண்டு ஒருமுறைதான் பத்து வயது.

பேத்தி எழுதியது:

எல்லாரும் குறையே சொல்வதால் இதை எழுதுகிறேன். என் பாட்டி பால்மரம் வெட்டியவர், மலாய் படிக்கத் தெரியாது. தாத்தா இறந்த பிறகு தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிலிருந்து வரும் கடிதங்களை எடுத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போய்ப் படித்துத் தரச் சொல்வார். யார் படித்தாலும் மறுநாள் தொகை எவ்வளவு என்று வரிசை முழுவதும் தெரிந்துவிடும். கடன் கேட்டு ஆள் வந்துவிடும்.

போன மாதம் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டிக் கொடுத்தேன். கடிதத்தின் மேல் கைப்பேசியைப் பிடித்தார். தமிழில் எழுத்து வந்தது, பிறகு வாசித்தும் காட்டியது. பாட்டி கதவைச் சாத்திவிட்டு வந்து, "அந்தக் கடைசி வரியை மறுபடியும் சொல்லச் சொல்" என்றார். கேட்டு முடித்ததும் கடிதத்தை நான்காக மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். தன் கடிதத்தைத் தான் மட்டும் தெரிந்துகொள்வது பாட்டிக்கு அதுவே முதல் முறை. மூன்றாம் லயத்தார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் கையில் இருந்த காலம் எல்லாருக்கும் நல்ல காலமாக இருக்கவில்லை.

பொறுமை தேவை எழுதியது:

பேத்தி, மகிழ்ச்சி. ஒன்று மட்டும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் இருக்கும் பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நம்மிடம் இருக்கிறது. 2024இல் திருத்தி, தகவல் கசிந்தால் நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எண் வெளியே போன பிறகு சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவராது. தொகையையும் தேதியையும் மட்டும் யாராவது நம்பிக்கையானவர் மூலக் கடிதத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எண்ணில்கூட இந்தச் செயலிகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

செயலி கட்டுபவன் எழுதியது:

மூன்றாம் லயத்தாருக்கு: கொண்டுவந்தவர் செய்ய வேண்டியது, சந்தேகமான குலையை ஒரு மனிதர் புரட்டிப் பார்க்கும் வரை விலை போடாமல் நிறுத்துவது. அதை முதலிலேயே எழுதியிருக்கலாம், நீங்கள் கேட்டது சரி. டீச்சர், அந்த வாசிப்புச் செயலியில் சிவப்பு எவ்வளவு கண்டிப்பாக விழ வேண்டும் என்று தளர்த்தும் அமைப்பு இருக்கக்கூடும். எனக்குக் காட்ட முடியுமா?

மண்டப டீச்சர் எழுதியது:

ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் இருப்பேன். அந்தப் பையனையும் வரச் சொல்கிறேன். அவன் வாசிப்பதை நீங்கள் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு செயலியைத் திறங்கள்.